ஆண் பூனை போட்ட குட்டிகள்

பல் டாக்டரின் ஆண் பூனை, விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மாலையே மூன்று குட்டிகள் போட்டது.

டாக்டர் படித்தவர். பல் சம்பந்தமாகத்தான் என்றாலும் படித்தவர். ஆண் பூனை குட்டி போடாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே தன் பூனையை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளக் கொடுத்திருந்த விலங்கு விடுதிக்குப் போன் போட்டுக் கத்தினார். அங்கே மூண்ட சண்டைதான் மறுநாள் காலை எங்கள் அலுவலகத்துப் படியேறி வந்தது.

அலுவலகம் என்றால் சாவி செய்யும் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. துப்பறிவாளர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். எல்லா மச்சான்களும் மாப்பிள்ளைகளைச் சும்மா கேலி செய்கிறார்கள். எனக்கு அதற்குச் சம்பளமும் உண்டு.

முதலில் வந்தவர் விடுதிக்காரர். சட்டை முழுக்க வெள்ளை முடி. நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதன் அடியில் ஏதாவது படுத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தொழில் பழக்கம்.

"என் மனைவி பொய் சொல்றாங்களான்னு நீங்க கண்டுபிடிக்கணும் சார்" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வெளியே போய் எடுத்தேன்.

"என் வீட்டுக்காரர் பொய் சொல்றார்னு நீங்க நிரூபிக்கணும்" என்றது ஒரு பெண் குரல்.

"என்ன விஷயமா மேடம்?"

"ஒரு ஆண் பூனை குட்டி போட்டிருக்கு."

உள்ளே திரும்பி வந்து மாப்பிள்ளையின் காதைக் கடித்தேன். "மாப்ள, கேஸ் ஒண்ணு, கட்சிக்காரங்க ரெண்டு. புருஷன் உள்ளே இருக்கார், பொண்டாட்டி லைன்ல இருக்காங்க."

"அவங்க கேஸையும் எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டேன்."

"நல்லது. யார் ஜெயிச்சாலும் நமக்கு நல்ல பேர்" என்று எழுந்து தொப்பியை மாட்டினார். தொப்பி அவருக்குக் கொஞ்சம் பெரிது. யோசிக்கும்போதெல்லாம் அது கண்ணை மறைக்கும். அதனால்தான் நன்றாக யோசிக்க முடிகிறது என்று சொல்லிக்கொள்வார்.

விடுதி ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்த்தளம். வாசலில் கவுண்டர். தெருவைப் பார்த்த முன் அறையில் எந்நேரமும் வண்டிச் சத்தம். பின்பக்கம் ஓர் அமைதியான அறை, மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. விலங்குகளைப் பார்த்துக்கொள்வது கணவர், கவுண்டரில் உட்காருவது மனைவி. இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கடை. ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவரால் அரை நாள்கூட ஓட்ட முடியாது.

கவுண்டரின் மேல் ஒரு நீலப் பை கட்டித் தயாராக இருந்தது.

"அஞ்சு மணி பஸ்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றார் மனைவி. "பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கிட்டு இந்தக் கவுண்டர்ல உட்கார முடியாது. அதுக்குள்ள உண்மையைக் கண்டுபிடிச்சா சொல்லுங்க. இல்லைன்னா அண்ணன் வீட்டு முகவரிக்கு எழுதிப் போடுங்க."

"நான் பொய்க்காரின்னு சொல்லவே இல்ல" என்றார் கணவர். "இவ பொய் சொல்றான்னுதான் சொன்னேன்."

நான் அவசரமாக இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். இந்த மாதிரி விளக்கங்களால் உடைந்த குடும்பங்கள் ஏராளம்.

நடந்தது இதுதான். விடுதியில் இரண்டு வெள்ளைப் பூனைகள். டாக்டரின் ஆண் பூனை சக்கரவர்த்தி பின் அறையில் இருந்தது. ஒரு வக்கீலம்மாவின் பெண் பூனை வெண்ணெய் முன் அறையில் இருந்தது. இரண்டுக்கும் முடி அடர்த்தி. வயிறு எது, வால் எது என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். முந்தின நாள் காலை, வெண்ணெய்க்கு நாள் நெருங்கிவிட்டது என்று கணவருக்குத் தோன்றியது. அமைதி வேண்டுமே என்று அதைப் பின் அறைக்கு மாற்றி, சக்கரவர்த்தியை முன்னால் கொண்டுவந்து விட்டார். மத்தியானம் டாக்டரின் டிரைவர் பூனையை எடுக்க வந்தார். மனைவி, எந்த விலங்கு எந்த அறையில் என்று பதிந்து வைக்கும் கவுண்டர் டேப்லெட்டைப் பார்த்தார். சக்கரவர்த்தி, பின் அறை என்றிருந்தது. பின் அறைப் பூனையைக் கூடையில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

பூனைகள் தத்தம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. வக்கீலம்மா விழுந்து விழுந்து சிரித்து, ஒரு குட்டியை டாக்டருக்கே தருவதாகச் சொல்லிவிட்டார். பூனைகளுக்குள் சமாதானம். மனிதர்களுக்குள்தான் இல்லை.

"நான் காலையிலயே டேப்லெட்ல அறையை மாத்திப் போட்டுட்டேன்" என்றார் கணவர். "டாக்டர் போன் பண்ணினதும் எடுத்துப் பார்த்தேன். மாத்தினது அப்படியே இருந்துச்சு. இவ பார்க்காமலே தூக்கிக் கொடுத்துட்டா."

"நான் பார்த்தேன்" என்றார் மனைவி. "பழைய அறைதான் இருந்துச்சு. டாக்டர் கத்தினதுக்கு அப்புறம் இவர் திருட்டுத்தனமா மாத்தி வெச்சுட்டு என் மேல பழி போடறார்."

மாப்பிள்ளை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக இழுத்தார்.

"மச்சான், ரெண்டு பேரும் உண்மையைச் சொல்றாங்க."

"அப்படின்னா கேஸ் முடிஞ்சுதா?"

"இல்ல. இப்பத்தான் சிக்கல். யாராவது ஒருத்தர் பொய் சொன்னா எவ்வளவு வசதியா இருந்திருக்கும்."

"எப்படி உண்மைன்னு சொல்றீங்க?"

"பொய் சொல்றவங்க கொஞ்சமாவது நல்ல பொய்யா சொல்வாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்களுக்கே உதவாத கதையைச் சொல்றாங்க. அந்த அம்மா 'ஒரே மாதிரி இருந்துச்சு, மாறிப்போச்சு'ன்னு சொல்லியிருந்தா யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. இவர் 'போட மறந்துட்டேன்'னு சொல்லியிருந்தா ஒரு திட்டோட முடிஞ்சிருக்கும்."

தொப்பி கண்ணை மறைத்தது. கவுண்டருக்குத் திரும்பினார்.

"நீங்க மத்தியானம் பார்த்ததுக்கும், சார் சாயங்காலம் பார்த்ததுக்கும் நடுவுல இந்த டேப்லெட்டுக்கு ஏதாவது ஆச்சா?"

இருவரும் யோசித்தார்கள்.

"செத்துப் போச்சு" என்றார் மனைவி.

"யாரு?"

"டேப்லெட்தான். நாயைக் குளிப்பாட்டிட்டு முடி உலர்த்தற மெஷினை மாட்டறதுக்காக இவர் சார்ஜரைப் பிடுங்கிட்டார். சார்ஜ் இறங்கி அணைஞ்சு போச்சு. அப்புறம் நான்தான் மறுபடி போட்டேன்."

"சார்ஜரைப் பிடுங்கினதுக்குக்கூட நான்தான் குற்றவாளியா" என்று முனகினார் கணவர்.

மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம். அது வந்துவிட்டால் அவருக்கு நடை வராது, துள்ளல்தான் வரும். டேப்லெட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"மச்சான், ஏதாவது ஒரு ஜீவனை இடம் மாத்துங்க."

"நிஜமாவா?"

"டேப்லெட்ல."

டேப்லெட்டில் இருந்த ஆப் மிகவும் எளிமையானது. முதல் திரையில் எல்லா விலங்குகளும் வரிசையாக, பக்கத்தில் அறையின் பெயரோடு இருந்தன. ஒரு பெயரைத் தொட்டால் அந்த விலங்குக்கான இரண்டாவது திரை திறந்தது. அறை, சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் அங்கே மாற்றலாம். நான் ஒரு முயலைத் தொட்டு, முன் அறையிலிருந்து மாடிப்படி அறைக்கு அனுப்பினேன். சேமித்தேன். முதல் திரைக்குத் திரும்பினேன்.

முயல் முன் அறையிலேயே இருந்தது.

"முயல் நகர மாட்டேங்குது மாப்ள."

"இப்ப ஆப்பைச் சாகடிச்சு மறுபடி எழுப்புங்க."

மூடித் திறந்தேன். முயல் மாடிப்படி அறையில் இருந்தது.

அந்த இடத்தில் நான்கு பேரும் வாயைத் திறந்தபடி நின்றோம். கூண்டுக்குள் ஒரு கிளி மட்டும் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"இந்த ஆப் வந்து ஒரு மாசம் ஆச்சு, இப்படி நடந்ததே இல்லையே" என்றார் கணவர்.

"எப்பவும் எந்த நேரத்துல அறை மாத்துவீங்க?"

"கடை மூடறப்போ. மாத்திப் போட்டுட்டு டேப்லெட்டை அணைச்சிடுவேன். நேத்துதான் காலையில மாத்தினேன்."

"இந்த ஆப்பைச் செஞ்சது யாரு?"

"அக்கா தம்பி ரெண்டு பேர். வீட்டுலயே வேலை பார்க்கறாங்க."

மனைவி கடிகாரத்தைப் பார்த்தார். "மெஷின் மேல பழியைப் போட்டுட்டுப் போயிடாதீங்க சார். ஏன் இப்படி ஆச்சுன்னு செஞ்சவங்க வாயாலேயே கேட்டுட்டு வாங்க. இல்லைன்னா இவர் அதையும் நம்ப மாட்டார்" என்றார். பை கவுண்டரைவிட்டு இறங்கவில்லை.

என் ஸ்கூட்டரில் மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து வந்தார். தொப்பி பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளில் வழி சொன்னார். இடது தோளைத் தட்டினால் வலது பக்கம் திரும்ப வேண்டும். இடது, வலது அவருக்குக் குழம்பிவிடும் என்று நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு.

அக்கா தம்பி வீட்டில் கதவைத் திறந்தவர் அவர்களுடைய அம்மா. நடுவில் ஹால். இடது பக்கம் ஓர் அறை, வலது பக்கம் ஓர் அறை. இரண்டிலும் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஹாலுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு ஆள்.

"யாரும்மா?" என்றது இடது அறை. அது அக்கா.

"யாருன்னு கேட்டுச் சொல்லும்மா" என்றது வலது அறை. அது தம்பி.

"ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்ல" என்று அம்மா எங்களிடம் ரகசியக் குரலில் சொன்னார். "ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இவ அவன் எழுதின ஏதோ கம்ப்யூட்டர் கோட்ல பாதியைக் குப்பைன்னு அழிச்சுட்டாளாம். அன்னையிலேருந்து அவ ஃபைலை அவன் தொட மாட்டான், அவன் ஃபைலை இவ தொட மாட்டா. என்ன சொல்றதா இருந்தாலும் என் மூலமாத்தான்."

மாப்பிள்ளை ஹாலின் நடுவில் போய் நின்றார். இரண்டு அறைக்கும் கேட்கிற மாதிரி விஷயத்தைச் சொன்னார். பூனை, குட்டி, முயல், அஞ்சு மணி பஸ். முதுகுகள் இரண்டும் மெல்லத் திரும்பின.

"முதல் திரை யாருடையது?"

"என்னுடையது" என்றான் தம்பி.

"ரெண்டாவது?"

"என்னுடையது" என்றாள் அக்கா. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. "சார், டேட்டா எல்லாம் உள்ளே ஒரு அலமாரியில இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஆப் அதை நேரா அலமாரியில தொடாது. ஒரு மேஜைக்கு எடுத்து வந்து, அங்கதான் பார்க்கும், மாத்தும். அந்த மேஜைக்கு நாங்க கான்டெக்ஸ்ட்னு சொல்லுவோம். முதல் திரை வரும்போதே ஒரு மேஜையைப் போட்டுடும். அதுலேருந்து ரெண்டாவது திரை திறக்கும்போது, அந்த மேஜையையே அதுக்கும் கொடுக்கணும். அப்பத்தான் இங்க மாத்தினது அங்க தெரியும்."

"கொடுக்கலைன்னா?"

"ரெண்டாவது திரை தனக்குன்னு வேற ஒரு மேஜை போட்டுக்கும். மாத்தினது அலமாரிக்குப் போயிடும். ஆனா முதல் மேஜையில பழைய காகிதமே கிடக்கும். ஆப்பை மூடித் திறந்தாத்தான் புதுசா எடுத்து வரும்."

"மேஜையைக் கொடுக்க வேண்டியது முதல் திரை. அதாவது தம்பி."

"ஒரே ஒரு வரி" என்றாள் அக்கா. "அவன் ஃபைல்ல எழுதணும். நான் கேட்டேன், அவன் சரின்னான். வரும் வரும்னு பார்த்துட்டு, அதுவரைக்கும் ஓடட்டும்னு நானே தனியா ஒரு மேஜை போட்டேன். அப்படியே போயிடுச்சு."

"என்கிட்ட யாரும் கேட்கவே இல்ல" என்றான் தம்பி.

"கேட்டேன்."

"கேட்கல."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். காலையில் விடுதியில் கேட்ட அதே சண்டை. ஒரே ராகம், ஆட்கள் மட்டும் வேறு.

"மச்சான், இங்கயும் ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்க."

"இங்க டேப்லெட் எதுவும் சாகலையே மாப்ள."

"சாகல. ஆனா நடுவுல ஒருத்தர் உயிரோட இருக்காங்க."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா, துடைத்து முடித்த தட்டை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"அம்மா, உங்க பொண்ணு உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினாங்க?"

"அந்த அறிவுகெட்ட கழுதைகிட்ட சொல்லு, கான்டெக்ஸ்டை என் திரைக்குக் கொடுக்கச் சொல்லுன்னா. முதல் பாதி திட்டு. ரெண்டாவது பாதி எனக்குப் புரியல. இதைப் போய்ச் சொன்னா இன்னும் ஆறு மாசம் பேச மாட்டாங்களேன்னு நினைச்சேன்."

"நினைச்சு?"

"அக்கா உன்னைச் சாப்பிட்டியான்னு கேட்டான்னு போய்ச் சொன்னேன்."

தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "அதுக்கு நான், சாப்பிட்டேன்னு சொல்லுன்னேனே."

"சொன்னே. இவகிட்ட வந்து, சரின்னு சொல்லிட்டான்னு சொன்னேன்." அம்மா தட்டைக் கீழே வைத்தார். "நீங்க அனுப்பற எதையும் நான் அப்படியே கொண்டுபோனதில்ல. அப்படியே கொண்டுபோயிருந்தா இந்த வீட்ல இந்நேரம் நான் மட்டும்தான் இருந்திருப்பேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அப்போ நீ சாப்பிட்டியான்னு கேட்கவே இல்லையா?" என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் அக்காவிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. இத்தனை நாள் அந்தக் கேள்வியைப் பத்திரமாக வைத்திருந்தான் போலிருக்கிறது.

அக்கா நாற்காலியை அவன் பக்கம் முழுக்கத் திருப்பினாள்.

"இப்பக் கேட்கறேன். சாப்பிட்டியாடா?"

"இல்ல."

"நானும்தான் இல்ல. ஃபைலை எடுத்துக்கிட்டு இங்க வா. முதல்ல அந்த வரியை எழுதிடலாம்."

தம்பி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஹாலைக் கடந்தான். அக்காவின் மேஜையில் இடம் போதவில்லை. இரண்டு பேரும் முழங்கையால் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டே உட்கார்ந்தார்கள். அவன் தன் ஃபைலில் ஒரு வரியைச் சேர்த்தான், அவள் தன் ஃபைலில் தனி மேஜையை நீக்கினாள். சோதித்துப் பார்த்தார்கள். இரண்டாவது திரையில் முயலை நகர்த்தினால் முதல் திரையில் அதே நொடியில் நகர்ந்தது. அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு" என்றார்.

நாங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது கவுண்டரில் பை இல்லை.

"இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனா" என்றார் கணவர். கையில் ஒரு நாய்க்குட்டியோடு வாசலில் நின்றிருந்தார். "நான் என்ன சொல்லி நிறுத்தறதுன்னு தெரியல."

"நான் சொல்றேன், ஏறுங்க" என்றார் மாப்பிள்ளை. ஸ்கூட்டரில் மூன்று பேரும் ஒரு நாய்க்குட்டியும் போனோம். என் இடது தோளை ஒருவரும் வலது தோளை ஒருவரும் தட்டியதில் ஒரே தெருவை இரண்டு தடவை சுற்றினோம்.

மனைவி பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அவர் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். இந்த நிமிடத்துக்காகத்தான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தார். அக்கா, தம்பி, அம்மா, அலமாரி, இரண்டு மேஜைகள் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். இடையிடையே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பக்கத்துப் பெஞ்சுகளிலிருந்தவர்கள்கூட நெருங்கி வந்து கேட்டார்கள்.

"ஆக, உங்களில் யாருமே பொய் சொல்லவில்லை" என்று மேடைத்தமிழில் முடித்தார்.

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். நான்தான்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் மனைவி. "டேப்லெட்டுக்கு நியாயம் கிடைச்சிடுச்சு."

பையைவிட்டுக் கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தொப்பி சரிந்தது. மனைவி கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"நேத்துக் காலையில ரெண்டு பூனையையும் மாத்தினப்போ நான் எங்க இருந்தேன்?"

"கவுண்டர்ல. திரும்பி உட்கார்ந்து யார்கிட்டயோ போன்ல பேசிட்டிருந்தே."

"என் நாற்காலிக்குப் பின்னாடியேதான் பூனையோட போனீங்க. போனை வெச்சதும் ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"டேப்லெட்லதான் போட்டுட்டேனே" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இந்த ஆப் வர்றதுக்கு முன்னாடி ஒரு எலிக்குஞ்சு தும்மினாலும் பின்னாலிருந்து கத்திச் சொல்வீங்க. எனக்குத் தொல்லையா இருக்கும். இந்த ஒரு மாசமா நீங்க என்கிட்ட எதையுமே சொல்றதில்ல. எல்லாத்தையும் அதுல போட்டுடறீங்க. அது பொய் சொல்லுச்சா, உண்மை சொல்லுச்சான்னு எனக்குக் கவலையில்ல." பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "சொல்ல ஆளில்லாத மாதிரி இருக்கீங்க. அதான் போறேன்."

பஸ் உள்ளே வந்து நின்றது. கதவு திறந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவரிடமும் துப்பு எதுவும் இல்லை.

கணவர் நாய்க்குட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை.

"மாடிப்படி அறை ஆமை நேத்துலேருந்து சாப்பிடல" என்றார்.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தலையையே வெளியே நீட்ட மாட்டேங்குது. வெள்ளரிக்காய் வெச்சேன், தொடல. எனக்குப் பயமா இருக்கு. இன்னும் எதுலயும் போடல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

"வெள்ளரிக்காயைத் தோலோட வெச்சீங்களா, சீவி வெச்சீங்களா?"

"தோலோட."

"அது சீவினாத்தான் சாப்பிடும். அதை வளர்க்கறவங்க சொல்லிட்டுத்தானே போனாங்க?"

"உன்கிட்ட சொல்லியிருப்பாங்க. நீ என்கிட்ட சொல்லல."

மனைவியின் விரல் தானாகக் கவுண்டர் இருக்கும் திசையைக் காட்டியது. "நானும் அதுலதான் போட்டேன்" என்றார் மெதுவாக.

கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். மனைவி பையைக் கீழே இறக்கி வைத்து, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காருங்க. வேற என்னெல்லாம் சொல்லாம வெச்சிருக்கீங்க? முதல்லேருந்து சொல்லுங்க."

பஸ் கிளம்பிப் போய்விட்டது. கணவர் ஒவ்வொரு விலங்காகச் சொல்லிக்கொண்டு வந்தார், இன்னும் கிளியைத் தாண்டவில்லை.